தத்தெடுத்த ஷெல்டர் பூனையின் அடையாளங்கள்: காது வெட்டு, பச்சைக்கோடு, சிப், கழுத்துப்பட்டை

அமெரிக்க ஷெல்டர்களில் பூனையைத் தத்தெடுப்பவர்களிடம் ஒரு காகிதக் கட்டைக் கொடுத்து அனுப்புவார்கள். தத்து ஒப்பந்தம், தடுப்பூசிப் பட்டியல், கருத்தடைச் சான்று, மைக்ரோசிப் (பூனையின் தோலுக்கடியில் ஊசியால் செலுத்தும் அடையாளச் சிப்) எண் ஒட்டிய சீட்டு எல்லாம் அதில் இருக்கும். பெரும்பாலான வீடுகளில் அந்தக் கட்டு நேராக டிராயருக்குள் போய்விடுகிறது. மளிகைச் சாமானைத் தூக்கிக்கொண்டு உள்ளே வரும் நேரத்தில் பூனை கதவிடுக்கில் நழுவி ஓடினால், டிராயரில் இருக்கும் காகிதம் உதவாது. பூனையின் உடம்பில் உள்ள அடையாளமும், அதற்குப் பின்னால் உங்கள் பெயரில் இருக்க வேண்டிய பதிவும்தான் அப்போது உதவும்.

இந்த அடையாளங்களில் இரண்டு வகை உண்டு. காது நுனி வெட்டும் வயிற்றுப் பச்சைக்கோடும் "இதற்குக் கருத்தடை ஆகிவிட்டது" என்று மட்டும் சொல்லும். யார் வீட்டுப் பூனை என்பதை அவை சொல்லாது. சிப்பும் கழுத்துப்பட்டை வில்லையும்தான் அதைச் சொல்லும், அதுவும் பதிவு சரியாக இருந்தால் மட்டுமே. சிப் போட்டாகிவிட்டது என்ற நிம்மதியில் பதிவை மறந்துவிடுவதுதான் நாம் அதிகம் பார்க்கும் தவறு. அதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறோம்.

வந்தவுடன்: காகிதப் பட்டையை வெட்டுங்கள்

ஷெல்டரில் பூனையின் கழுத்தில் பிளாஸ்டிக் பூசிய மெல்லிய காகிதப் பட்டை ஒன்றைச் சுற்றி ஒட்டியிருப்பார்கள். அதில் ஷெல்டரின் உள் எண் இருக்கும். பல இடங்களில் அது ஏ என்ற எழுத்தில் தொடங்கும். இது சிப் எண் அல்ல, ஷெல்டரின் கணினியில் அந்தப் பூனையின் கோப்பைத் திறக்கும் எண். பழைய மருத்துவக் குறிப்பு, எந்தத் தெருவிலிருந்து வந்தது, முன்பு யாராவது தத்தெடுத்துத் திருப்பிக் கொடுத்தார்களா என்று எதைக் கேட்டாலும் இந்த எண்ணைத்தான் கேட்பார்கள். ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு, பட்டையைக் கத்தரித்து எடுத்துவிடுங்கள். அது எதிலாவது மாட்டினால் தானாக அவிழாது. வளரும் குட்டிக்குக் கழுத்தை இறுக்கவும் செய்யும்.

காது நுனி வெட்டு

ஒரு காதின் நுனி நேர்கோட்டில் வெட்டப்பட்டிருந்தால், அந்தப் பூனை ஏதோ ஒரு கட்டத்தில் தெருப் பூனைகளுக்கான திட்டத்தில் பிடிக்கப்பட்டு, கருத்தடை செய்யப்பட்டு, பிடித்த இடத்திலேயே விடப்பட்டது என்று பொருள். வளர்ந்த பூனைக்குச் சுமார் 1 செ.மீ., குட்டிக்குச் சுமார் 6 மி.மீ. எடுப்பார்கள். கருத்தடைக்காகக் கொடுத்த மயக்கத்திலேயே இதையும் முடித்துவிடுவார்கள். காதின் குறுக்கே நேரான கவ்வியை வைத்து, அதன் விளிம்பை ஒட்டி வெட்டுவதால்தான் கோடு அவ்வளவு நேராக இருக்கிறது. அமெரிக்காவின் பெரும்பகுதியில் இடது காதில்தான் வெட்டுவார்கள். சில ஊர்களில் வலது காதிலும் உண்டு.

காதின் ஓரத்தில் வி வடிவில் வெட்டும் முறையும் உலகில் இருக்கிறது. ஜப்பானில் கடுவனுக்கு வலது காதிலும் பெட்டைக்கு இடது காதிலும் அப்படி வெட்டுகிறார்கள். ஆனால் தூரத்திலிருந்து பார்க்கும்போது வி வெட்டும் சண்டையில் கிழிந்த காதும் ஒன்றுபோலவே தெரியும். நுனி வெட்டு பரவலானதற்குக் காரணம், பத்தடி தள்ளிப் புதரோரம் நிற்கும் பூனையின் நிழலுருவத்தில்கூட அது தெரியும் என்பதுதான்.

வெட்டா, காயமா என்று பிரித்தறிவது கடினமில்லை. வெட்டப்பட்ட விளிம்பு நேராகவும் மென்மையாகவும் இருக்கும், முடி விளிம்புவரை வளர்ந்திருக்கும், மற்றக் காது முழுதாக இருக்கும். சண்டைக் கிழிசல் கோணல்மாணலாக, பெரும்பாலும் ஓரத்தில் இருக்கும். சிகாகோ, மினியாபொலிஸ் போன்ற கடுங்குளிர் ஊர்களிலிருந்து வந்த பூனையின் இரண்டு காதுகளும் மழுங்கி உருண்டிருந்தால் அது பனிக்கடி. வெள்ளைக் காதுள்ள பூனைக்கு இரண்டு மடல்களும் குட்டையாக இருந்தால், வெயிலால் வரும் தோல் புற்றுக்காக அறுவை செய்திருக்கலாம். ஷெல்டரின் மருத்துவக் குறிப்பைக் கேட்டு வாங்குங்கள். வெள்ளைக் காதின் விளிம்பில் ஆறாமல் வந்து வந்து போகும் பொருக்கு தெரிந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

காது வெட்டு உள்ள பூனையைத் தத்தெடுத்தவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அந்தப் பூனை வெளியே தப்பினால், பார்ப்பவர்கள் அதைத் தொலைந்த பூனை என்று நினைக்க மாட்டார்கள். அந்த வெட்டு "இது தெருவில் வாழும் பூனை, கருத்தடை ஆயிற்று, விட்டுவிடுங்கள்" என்றுதான் அவர்களுக்குச் சொல்கிறது. கூண்டு வைத்துப் பிடிக்கும் தன்னார்வலர்களும் வெட்டைப் பார்த்ததும் கூண்டைத் திறந்து விட்டுவிடுவார்கள். அவர்கள் செய்வது சரிதான், அவர்களுக்குக் கொடுத்த பயிற்சியே அது. ஆகவே மற்றப் பூனைகளைவிட இந்தப் பூனைக்குக் கழுத்துப்பட்டை அவசியம். வீட்டோடு மட்டும் இருக்கும் பூனைதானே என்று விட்டுவிடாதீர்கள்.

கருத்தடைக்கு முன்பே மீட்புக் குழுவிடம் பூனையை முடிவு செய்துவிட்டீர்கள் என்றால், வீட்டுக்குப் போகிற பூனை, காதை வெட்ட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். குறைந்த கட்டண மருத்துவமனைகள் பலவற்றில், தெருப் பூனைக்கான சலுகைக் கட்டணத்தில் வரும் பூனைக்குக் காது வெட்டு கட்டாயம். வீட்டுப் பூனைக் கட்டணம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், ஆனால் காது முழுதாக வரும்.

வயிற்றில் பச்சைக்கோடு

கருத்தடை முடிந்ததும் அடிவயிற்றில் சிறிய பச்சை மைக்கோடு ஒன்று போடுவது அமெரிக்க ஷெல்டர் மருத்துவர்களின் வழக்கம். அவர்களுடைய சங்கம் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதைப் பரிந்துரைக்கிறது. பெட்டைக்கு அறுவைத் தையலின் மேலோ அதை ஒட்டியோ இருக்கும். கடுவனுக்கு வயிற்றில் அறுவையே கிடையாது என்றாலும் அடிவயிற்றில்தான் கோடு போடுவார்கள். எந்தப் பூனையைப் புரட்டினாலும் ஒரே இடத்தில் தேடினால் போதும் என்பதற்காக இந்த ஏற்பாடு. பழைய காலத்துப் பூனைகளில் கோட்டுக்குப் பதிலாக, நடுவே கோடு கிழித்த வட்டம் போன்ற குறிகளும் உண்டு. பச்சையைத் தேர்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. கறுப்போ நீலமோ என்றால் ரத்தநாளம், கன்றிப்போன தோல், மழித்த முடியின் வேர் ஆகியவற்றோடு குழம்பிவிடும்.

இந்தக் கோடு இல்லாவிட்டால் என்ன ஆகும்? வரலாறு தெரியாத பெட்டைப் பூனைக்குக் கருத்தடை ஆனதா என்பதை வெளியிலிருந்து சொல்வது கடினம். பழைய தையல் தழும்பு முடிக்குள் மறைந்துபோகும். கருப்பை இருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே மயக்கம் கொடுத்து வயிற்றைத் திறந்து, ஒன்றும் இல்லை என்று தைத்து மூடிய பூனைகள் உண்டு. ஒரு சென்டிமீட்டர் மை அந்த வேதனையைத் தவிர்த்துவிடுகிறது. கோடு இல்லாமல் சந்தேகம் வந்தால், முதலில் ரத்தப் பரிசோதனை கேளுங்கள். சூலகம் இருந்தால் மட்டும் சுரக்கும் ஆன்டி முல்லீரியன் ஹார்மோனை அளந்து சொல்லிவிடலாம். கடுவனில் விதை தெரியவில்லை என்றால் கருத்தடை ஆனது என்று உடனே முடிவு செய்துவிட வேண்டாம், வயிற்றுக்குள்ளேயே தங்கிவிட்ட விதையாக இருக்கலாம். கருத்தடை ஆகாத கடுவனின் ஆண்குறியில் நுண்ணிய முட்கள் இருக்கும். ஆனபின் சில வாரங்களில் அவை மறைந்துவிடும். மருத்துவர் அதைப் பார்த்துச் சொல்வார்.

வீட்டில் பார்க்க வேண்டுமென்றால், பூனை உண்டு உறங்கி எழுந்த நேரம் நல்லது. மடியில் சாய்த்து வைத்து, தொப்புளுக்குக் கீழே நடுக்கோட்டில், ஈரப் பஞ்சால் முடியை இரு பக்கமும் விலக்குங்கள். பக்கவாட்டிலிருந்து கைவிளக்கு அடித்தால் கோடு தெரியும். கால்களை இழுத்துப் பிடித்து மல்லாக்கப் போராட வேண்டாம், முடியாவிட்டால் மருத்துவரிடம் போகும்போது பார்த்துக்கொள்ளலாம்.

அறுவை முடிந்து ஓரிரு நாளில் பூனையைக் கூட்டிவந்தவர்கள் தையலைச் சுற்றிப் பச்சையாக இருக்கிறதே, சீழா என்று பதறுவதுண்டு. மேல்தோலில் கசிந்த மை அது, சில நாளில் மறைந்துவிடும், கோடு மட்டும் நிற்கும். வீக்கம், சூடு, ஈரக் கசிவு, கெட்ட வாடை, தையல் பிரிதல் இவற்றில் எது இருந்தாலும் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குக் கூப்பிடுங்கள்.

காதுக்குள் எழுத்தும் எண்ணும்

அரிதாக, உள்காதில் மையால் குத்திய எழுத்தோ எண்ணோ இருக்கும். கனடாவிலிருந்தோ பிரான்ஸிலிருந்தோ வந்த பூனைகளிலும், ஆய்வகத்திலிருந்து விடுவிக்கப்பட்டுத் தத்துக்கு வந்த பூனைகளிலும் இதைப் பார்க்கலாம். குட்டியில் குத்தியது வளர வளர விரிந்து மங்கும். காது மடலுக்குப் பின்னால் கைவிளக்கை வைத்து, முன்பக்கமிருந்து பார்த்தால் மங்கிய எழுத்தும் தெளியும். 3-ம் 8-ம், 6-ம் 9-ம் எளிதில் மாறிப்போகும், அதனால் இருவர் தனித்தனியாகப் படித்து ஒப்பிடுங்கள். எண்ணை மருத்துவப் பதிவில் எழுதச் சொல்லுங்கள். அமெரிக்காவில் இதை வைத்துத் தேடும் வழி குறைவு, அதனால் இதை நம்பிச் சிப்பைத் தவிர்க்க வேண்டாம்.

மைக்ரோசிப்

வழக்கமான சிப் 12 மி.மீ. நீளமும் 2 மி.மீ. தடிப்பும் உள்ள கண்ணாடிக் குப்பி. சிறிய வகை சுமார் 8 மி.மீ. நீளம். பேட்டரி இல்லை, ஜிபிஎஸ் இல்லை, பூனை எங்கே இருக்கிறது என்று அது சொல்லாது. ஸ்கேனரின் அலை படும்போது மட்டும் விழித்து ஓர் எண்ணைத் திருப்பிச் சொல்லும். அந்த எண்ணில் உங்கள் பெயரோ தொலைபேசியோ இல்லை, அவை பதிவகத்தின் கணினியில் இருக்கின்றன. பதிவு காலியாக இருந்தால் அந்த எண்ணை வைத்து ஒருவராலும் உங்களைத் தேடிப்பிடிக்க முடியாது.

ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009-ல் 53 ஷெல்டர்களின் கணக்கை வெளியிட்டார்கள். தெருவிலிருந்து வந்த பூனைகளில் மொத்தமாகப் பார்த்தால் 1.8 விழுக்காடுதான் வீடு திரும்பின, சிப் இருந்த பூனைகளில் 38.5 விழுக்காடு. பெரிய வித்தியாசம்தான். ஆனால் சிப் இருந்தும் மீதிப் பூனைகள் ஏன் திரும்பவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். வீட்டாரைக் கண்டுபிடிக்க முடியாமல் போன விலங்குகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தொலைபேசி எண் தவறு அல்லது துண்டிக்கப்பட்டது. ஏறக்குறைய கால்பங்கில் கூப்பிட்டும் கடிதம் போட்டும் பதில் வரவில்லை. இன்னும் சில வேறொரு பதிவகத்தில் இருந்தன, சில பதிவே ஆகவில்லை. சிப் பழுதானதால் வந்த சிக்கல்கள் அல்ல இவை. வீட்டில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் சரிசெய்யக் கூடியவை.

முதல் வாரத்திலேயே இதை முடித்துவிடுங்கள்.

மருத்துவரிடம் முதல்முறை போகும்போது ஸ்கேன் செய்யச் சொல்லி, திரையில் வரும் எண்ணை உங்கள் கண்ணால் பாருங்கள். காகிதத்தில் உள்ள எண்ணோடு இலக்கம் இலக்கமாக ஒப்பிடுங்கள். 15 இலக்கத்தை ஐந்து ஐந்தாகப் பிரித்து ஒருவர் வாசிக்க மற்றவர் சரிபார்ப்பது நல்ல முறை. குட்டிகள் கூட்டமாகக் கருத்தடைக்குப் போன நாளில் உடன்பிறந்த குட்டிகளின் சீட்டுகள் மாறியிருக்க வாய்ப்பு உண்டு. ஒரு இலக்கம் தவறினாலும் இல்லாத பூனையைப் பதிவு செய்தவர் ஆவீர்கள்.

எண்ணின் வடிவமே சில தகவல் சொல்லும். 15 இலக்கம் என்றால் ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தரத்துக்கு ஏற்ற சிப், 134.2 கிலோஹெர்ட்ஸில் பேசும். முதல் மூன்று இலக்கம் நாட்டுக் குறியீடாகவோ தயாரிப்பாளர் குறியீடாகவோ இருக்கும். 840 அமெரிக்கா, 124 கனடா, 826 பிரிட்டன். 900-க்கு மேல் என்றால் தயாரிப்பாளர்: 977 அவிட், 981 டேட்டாமார்ஸ், 985 ஹோம்அகெய்ன். 9 இலக்கம் என்றாலோ, எழுத்தும் எண்ணும் கலந்த 10 குறிகள் என்றாலோ பழைய வகை. 125 கிலோஹெர்ட்ஸில் பேசும் பழைய சிப்பை எல்லா ஸ்கேனரும் படிக்காது.

அடுத்து, அமெரிக்க விலங்கு மருத்துவமனைகள் சங்கமான ஏஏஎச்ஏ நடத்தும் சிப் தேடல் பக்கத்தில் எண்ணை இடுங்கள். அது உரிமையாளர் பெயரைக் காட்டாது, எந்தப் பதிவகத்தில் பதிவு இருக்கிறது என்பதை மட்டும் காட்டும். பிறகு அந்தப் பதிவகத்தைக் கூப்பிட்டு, இப்போது யார் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் ஷெல்டரின் பெயரில் இருக்கும், சில நேரம் பழைய வீட்டார் பெயரில். தத்து ஒப்பந்தத்தைப் படமெடுத்து அனுப்பி உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். ஷெல்டரை இரண்டாம் தொடர்பாக விட்டுவைப்பதில் தவறில்லை.

தேடலில் தயாரிப்பாளர் பெயர் மட்டும் வந்து பதிவகம் எதுவும் வரவில்லை என்றால், அந்த எண் பதிவாகவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 2025 தொடக்கத்தில் டெக்ஸாஸைச் சேர்ந்த சேவ் திஸ் லைஃப் என்ற சிப் நிறுவனம் திடீரென்று மூடப்பட்டது. 991 அல்லது 900164 என்று தொடங்கும் சிப் உள்ளவர்கள் வேறு பதிவகத்தில் மறுபடி பதிய வேண்டியதாயிற்று. உங்கள் பூனையின் எண் அப்படித் தொடங்கினால் இன்றே பாருங்கள். சிப்பை மாற்ற வேண்டாம், அதே எண்ணை வேறு பதிவகத்தில் பதிந்தால் போதும்.

தொடர்பு எண் கொடுப்பதில் நம்மவர்கள் கவனிக்க வேண்டியது உண்டு. இரண்டாம் தொடர்பாகச் சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்கும் அப்பாவின் எண்ணைக் கொடுக்காதீர்கள். ஷெல்டர் ஊழியர் வெளிநாட்டு எண்ணுக்குக் கூப்பிட்டுக்கொண்டிருக்க மாட்டார். அதே ஊரில், உங்கள் வீட்டுச் சாவியைக் கொடுத்து வைக்கும் அளவுக்கு நெருக்கமான ஒருவரின் எண்ணைக் கொடுங்கள். தெரியாத எண்ணை எடுக்காத பழக்கம் இருந்தால், பதிவகத்தின் எண்ணையும் உள்ளூர் ஷெல்டரின் எண்ணையும் கைபேசியில் சேமித்து வையுங்கள். வேலைமாற்றத்தில் ஊர் மாறும்போது வங்கி, ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றுக்கும் முகவரி மாற்றுகிறோமே, அந்தப் பட்டியலில் பூனையின் சிப்பையும் சேருங்கள்.

பதிவகங்கள் ஆண்டுச் சந்தா கேட்டு மின்னஞ்சல் அனுப்பும். பல இடங்களில் அது தொலைந்தால் எச்சரிக்கை அனுப்புவது போன்ற கூடுதல் சேவைக்கானது, கட்டாவிட்டாலும் அடிப்படைப் பதிவு நிற்கும். எது நிற்கும், எது நிற்காது என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை பதிவைச் சரிபார்ப்பதற்கென்று அமெரிக்காவில் ஒரு நாள் வைத்திருக்கிறார்கள், அது ஆகஸ்ட் 15. நமக்கு மறக்காத தேதி.

ஸ்கேனர் சிப்பைக் காட்டாதபோது

காகிதத்தில் சிப் உண்டு என்கிறது, ஸ்கேனர் இல்லை என்கிறது. உடனே புதுச் சிப் போட வேண்டாம். முதலில் ஸ்கேன் செய்த விதத்தைப் பாருங்கள்.

அமெரிக்காவில் தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே போடுவார்கள். ஐரோப்பாவின் பல நாடுகளில் கழுத்தின் இடப்பக்கம். போட்ட இடத்திலிருந்து அது தோளுக்கோ, முழங்கைப் பக்கமோ, மார்புக்கோ நகர்ந்திருக்கலாம். ஆகவே ஸ்கேனரை முடியைத் தொட்டபடி, தோள்பட்டை நடுவிலிருந்து வால் நோக்கி வளைந்து வளைந்து மெதுவாக நகர்த்த வேண்டும். பிறகு இரு தோள், கழுத்தின் இரு பக்கம், முன்னங்கால்கள் முழங்கைவரை, மார்பு. ஒரு சுற்று முடிந்ததும் ஸ்கேனரைக் கால்வட்டம் திருப்பி இன்னொரு சுற்று. சிப் எந்தத் திசையில் படுத்திருக்கிறது என்பதைப் பொறுத்து வாசிப்பு மாறும் என்பதால் இது தேவை.

வேகம்தான் பெரும்பாலும் குற்றவாளி. பலவகைச் சிப்பையும் படிக்கும் ஸ்கேனர் ஓர் அலைவரிசையை அனுப்பிப் பார்த்து, பிறகு அடுத்ததற்கு மாறி, திரும்ப முதலுக்கு வரும். கையை வீசி ஓட்டினால், சிப்பின் மேல் போகும் நொடியில் அது வேறொரு அலைவரிசையில் இருக்கும். இரும்பு மேசை, உலோகக் கூண்டு, பக்கத்தில் கணினித் திரை, உலோகக் கொக்கியுள்ள கழுத்துப்பட்டை, தீர்ந்துவரும் பேட்டரி எல்லாமே வாசிப்பைக் கெடுக்கும். பூனையைத் துண்டில் சுற்றி மடியில் வைத்து, கழுத்துப்பட்டையைக் கழற்றி, வேறு ஸ்கேனரால் ஒருமுறை பாருங்கள். அப்போதும் வரவில்லை என்றால், போட்ட அன்றே ஊசித் துளை வழியாகச் சிப் வெளியே விழுந்திருக்கலாம். நல்ல மருத்துவமனைகள் போடுவதற்கு முன்பு ஊசியிலேயே ஒருமுறை, போட்டபின் ஒருமுறை, அடுத்த வருகையில் ஒருமுறை ஸ்கேன் செய்வது இதனால்தான்.

ஒரு எண் வந்ததும் நிறுத்திவிடவும் வேண்டாம். சில ஷெல்டர் பூனைகளுக்கு இரண்டு சிப் இருக்கும், பழைய வீட்டில் போட்டது ஒன்று, ஷெல்டரில் போட்டது ஒன்று. இரண்டையும் உங்கள் பெயரில் பதியுங்கள். எந்த ஸ்கேனருக்கு எது முதலில் சிக்கும் என்று சொல்ல முடியாது.

கழுத்துப்பட்டை

சிப்பைப் படிக்க ஸ்கேனர் வேண்டும், பக்கத்து வீட்டுக்காரரிடம் அது இருக்காது. கழுத்தில் எண் தெரிந்தால் அவர் ஷெல்டருக்குப் போகாமலே உங்களைக் கூப்பிடுவார்.

இழுத்தால் தானாக விடுபடும் கொக்கி உள்ள பட்டையை மட்டும் வாங்குங்கள். வாங்கியதும் கையால் இரு பக்கமும் இழுத்துச் சோதியுங்கள். உங்கள் கைக்கே திறக்காத கொக்கி வேலியில் தொங்கும் பூனைக்குத் திறக்காது. எலாஸ்டிக் வைத்த பட்டை வேண்டாம், முன்னங்கால் அதற்குள் நுழைந்து அக்குளில் அறுத்துப் புண்ணாகும். கழுத்துக்கும் பட்டைக்கும் நடுவே ஒரு விரல் முதல் இரு விரல் போகும் அளவுக்கு இறுக்கம் சரி. தளர்வாக விடுவதுதான் கருணை என்று தோன்றும், ஆனால் கீழ்த்தாடையும் காலும் சிக்குவது தளர்ந்த பட்டையில்தான். குட்டிக்கு வாரம் ஒருமுறை பாருங்கள்.

வில்லையில் எழுதவேண்டியவை: இரண்டு தொலைபேசி எண், சிப் உண்டு என்ற குறிப்பு, வீட்டுக்குள் வாழும் பூனை என்ற ஒரு வரி. பூனையின் பெயர் இடமிருந்தால் போதும். காது வெட்டுள்ள பூனைக்கு அந்த மூன்றாவது வரி முக்கியம். சத்தம் பிடிக்காத பூனைக்கு எண்ணைப் பட்டையிலேயே நூலால் தைத்துத் தருவார்கள். ரேபிஸ் தடுப்பூசி வில்லையில் மருத்துவமனை பெயரும் வரிசை எண்ணும் இருக்கும், அதை வைத்தும் உங்களைக் கண்டுபிடிக்கலாம், ஆனால் மருத்துவமனை திறந்திருக்கும் நேரத்தில் மட்டும்.

பிறவி அடையாளம்: ஆறு படங்கள்

"சாம்பல் வரிப்பூனை, பச்சைக் கண்" என்று எழுதினால் ஊரில் பாதிப் பூனைக்குப் பொருந்தும். பகல் வெளிச்சத்தில் முகம், இடப்பக்கம், வலப்பக்கம், வயிறு, வால், உள்ளங்கால் என்று ஆறு படம் எடுங்கள். இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் ஒன்றாக இருக்காது, அதனால் இரண்டும் வேண்டும். செவலைப் பூனைகளுக்கு வயது ஏற ஏற மூக்கிலும் உதட்டிலும் கரும்புள்ளிகள் வரும், அவற்றின் இடம் நல்ல அடையாளம். உள்ளங்கால் மெத்தைகளில் எது இளஞ்சிவப்பு, எது கறுப்பு என்பதும் பூனைக்குப் பூனை மாறும்.

சயாமீஸ் வகை நிறமுள்ள பூனையின் படத்தை ஆண்டுக்கு இருமுறை புதுப்பியுங்கள். அவற்றின் முடிக்கு நிறம் கொடுக்கும் நொதி, உடம்பின் குளிர்ந்த இடங்களில்தான் வேலை செய்யும். கருத்தடைக்காக வயிற்றை மழித்த இடம் சூட்டை இழப்பதால், அங்கே புது முடி கறுத்து முளைக்கும், அடுத்த முடி உதிர்வில் திரும்ப வெளுக்கும். தத்தெடுத்த அன்று எடுத்த படத்தில் இல்லாத கருந்திட்டு இரண்டு மாதத்தில் இருக்கும்.

தப்பிவிட்டால்

உடனே பதிவகத்தில் "தொலைந்தது" என்று குறிக்கச் சொல்லுங்கள். உள்ளூர் ஷெல்டருக்கு நேரில் போய்க் கூண்டு கூண்டாகப் பாருங்கள், தொலைபேசியில் சொல்லும் வர்ணனையை நம்ப முடியாது. பல ஊர்களில் வீட்டாருக்காகக் காத்திருக்கும் காலம் 3 முதல் 5 நாள்தான், சில இடங்களில் பூனைக்கு அதுவும் இல்லை. 2018-ல் வெளியான ஓர் ஆய்வில், கிடைத்த பூனைகளில் முக்கால் பங்கு தப்பிய இடத்திலிருந்து 500 மீட்டருக்குள் இருந்தன. ஆகவே அண்டைவீட்டுக் கொட்டகை, படிக்கட்டின் அடி, காரின் அடி என்று கைவிளக்கோடு தேடுவதே முதல் வேலை.

அறிவிப்பில் காது வெட்டை மறைக்காதீர்கள். "இடது காது நுனி வெட்டப்பட்டது, ஆனால் வீட்டுப் பூனை, விட்டுவிடாதீர்கள்" என்று பெரிதாகப் போடுங்கள். தெருப் பூனைகளுக்குச் சோறு வைப்பவர்களுக்கும் கூண்டு வைப்பவர்களுக்கும் தனியாகச் சொல்லுங்கள். அதே சமயம் ஓர் அடையாளத்தை மட்டும், வயிற்றுப் புள்ளியையோ ஒற்றைக் கறுப்பு உள்ளங்காலையோ, எழுதாமல் வையுங்கள். கிடைத்தது என்று கூப்பிட்டுப் பணம் கேட்பவரிடம் அதைக் கேட்டால் உண்மை தெரிந்துவிடும்.

ஊருக்குக் கொண்டுபோவதானால்

பூனையோடு இந்தியா திரும்புகிறவர்கள் சிப் எண்ணை மாதங்களுக்கு முன்பே பார்க்க வேண்டும். ரேபிஸ் தடுப்பூசிச் சான்று, பயணத்துக்கான உடல்நலச் சான்று, இந்திய விலங்குத் தனிமைப்படுத்தல் துறையின் தடையில்லாச் சான்றுக்கான விண்ணப்பம் எல்லாவற்றிலும் ஒரே எண், ஒரே வரிசையில் இருக்க வேண்டும். இலக்கம் ஒன்று மாறினால் விமான நிலையத்தில் பூனையும் காகிதமும் வேறுவேறு என்று ஆகிவிடும். பழைய 9 இலக்கச் சிப் மட்டும் உள்ள பூனைக்கு ஐஎஸ்ஓ சிப் ஒன்றைக் கூடுதலாகப் போட்டு, இரண்டு எண்ணையும் சான்றுகளில் எழுதச் சொல்லுங்கள். வழியில் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நுழைந்து தங்கிப் போவதாக இருந்தால், சிப்பைப் போட்டபின் போட்ட ரேபிஸ் ஊசிதான் அங்கே செல்லும். ஊசி முந்தி, சிப் பிந்தி என்றால் ஊசியை மறுபடி போட்டு 21 நாள் காத்திருக்க வேண்டும். அந்த 21 நாளையும் சேர்த்துக் கணக்கிட்ட பிறகு விமானச் சீட்டு எடுங்கள்.